ஒரு ஃபைல்தானே!

"ஒரே ஒரு ஃபைல்தான் சார். நானே எழுதிட்டேன். நீங்க மெர்ஜ் பண்ணினா மட்டும் போதும்."

சென்ற வருடம் எனக்கு வந்த வேண்டுகோள் இது. எண்ணைக் கொடுத்தால் தமிழ்ச் சொற்களில் எழுதித் தரும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் பொதி ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக வைத்திருக்கிறேன். 1,250 என்று கொடுத்தால் 'ஆயிரத்து இருநூற்றைம்பது' என்று தரும். ரசீதின் அடியில் 'ரூபாய் இவ்வளவு மட்டும்' என்று அச்சடிக்க வேண்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. பொதி இருப்பது என்பிஎம்மில். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் பண்டகசாலை அது. ரெஜிஸ்ட்ரி என்பார்கள், பதிவகம் என்று வைத்துக்கொள்ளலாம். வேண்டுகோள் வைத்த இளைஞர், இதே பொதியை ஜேஎஸ்ஆர் என்ற புதிய பதிவகத்திலும் போடச் சொன்னார். அவர் அனுப்பிய ஃபைலை எண்ணிப் பார்த்தேன். பதினோரு வரி.

பிழை எதுவும் இல்லை. மரியாதையாகக் கேட்டிருந்தார். பொதியை உண்மையிலேயே பயன்படுத்துகிறவர் என்பதும் தெரிந்தது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, முடியாது, மன்னிக்கவும் என்று எழுதினேன்.

எழுதிய பிறகு மனசு கேட்கவில்லை. திறமூலம் என்று பேர் வைத்துக்கொண்டு பதினோரு வரியை உள்ளே விடவில்லை என்றால் என்ன மனிதன் இவன் என்று யாருக்கும் தோன்றும். எனக்கே தோன்றியிருக்கிறது, இன்னொருவரைப் பற்றி.

2014-ல் இதே வேண்டுகோளோடு இன்னொருவர் வாசலில் நின்றவன் நான். அது பௌவர் காலம். ட்விட்டர் நிறுவனத்துக்குள்ளிருந்து 2012-ல் வெளியே வந்தது பௌவர். சர்வர் பக்கத்துக்கு என்பிஎம், பிரவுசர் பக்கத்துக்கு பௌவர் என்று ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் பாகம் பிரித்துக்கொண்டிருந்த நேரம். நான் பயன்படுத்திய ஒரு தேதிக் கணக்குப் பொதி அதில் இல்லை. ஃபைலை எழுதி அனுப்பினேன். அதை வைத்திருந்தவர் எந்த ஊர்க்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்றே வரியில் பதில் போட்டார். பௌவரை அவர் பயன்படுத்துவதில்லையாம். பயன்படுத்தாததைச் சோதித்துப் பார்க்க வழியில்லையாம். சோதிக்காததைத் தன் பெயரில் வெளியே விட மாட்டாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையையும் செய்து கையில் கொடுக்கிறேன், வேண்டாம் என்கிறானே, என்ன திமிர் என்று நண்பனிடம் புலம்பினேன். அந்த ஆவேசத்திலேயே என் பொதிக்கு பௌவர் ஃபைலைச் சேர்த்தேன். நாம் அந்த மாதிரி ஆள் இல்லை என்று காட்டிக்கொள்ள ஆசை. யாரிடம் காட்ட என்று கேட்காதீர்கள்.

பௌவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்பிஎம்மில் பொதியைக் கட்டி மேலே ஏற்றுகிறோம். பௌவரில் ஏற்றுவது என்பதே கிடையாது. அதன் பதிவகம் வெறும் முகவரிப் புத்தகம்: இந்தப் பெயருக்கு, நிரல் கிடக்கும் இந்த கிட் களஞ்சியத்தின் முகவரி. கேட்கிறவரின் கணினி நேராக அந்த முகவரிக்குப் போய், பதிப்பு எண் குத்திய டேக்கில் என்ன கிடக்கிறதோ அதை அப்படியே அள்ளிக்கொண்டு வரும். ஆகவே பிரவுசருக்கென்று தயார் செய்த ஃபைல் கிட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். டிஸ்ட் என்ற ஃபோல்டரில் அது கிடக்கும். என்பிஎம்முக்கு ஏற்றும்போது அந்த ஃபைல் தானாகத் தயாராகும்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பௌவருக்கு நானே தயார் செய்து, கிட்டில் சேர்த்து, அதற்குப் பிறகு டேக் போட வேண்டும். வரிசை தப்பக்கூடாது.

2015-ல் தப்பியது. என் பொதி 90-ஐத் 'தொன்னூறு' என்று எழுதிக்கொண்டிருந்தது. டண்ணகரம் வர வேண்டிய இடத்தில் றன்னகரம். தமிழாசிரியர் ஒருவர் வலிக்காமல் சுட்டிக்காட்டினார். வெட்கத்தோடு திருத்தி, 2.1 என்று டேக் போட்டு, என்பிஎம்மில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். டிஸ்டைப் புதுப்பித்துச் சேர்க்க மறந்துபோயிருந்தது. என்பிஎம்மில் 2.1 எடுத்தவருக்குத் தொண்ணூறு. பௌவரில் 2.1 எடுத்தவருக்குத் தொன்னூறு. பெயரும் ஒன்று, எண்ணும் ஒன்று, சரக்கு வேறு.

ஐந்து வாரம் கழித்து, கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிற ஒருவர் கேட்டார். "சார், 2.1-ல சரி பண்ணிட்டதா போட்டிருக்கீங்க. எனக்கு இன்னும் பழைய மாதிரிதான் வருது. கேஷ் எல்லாம் அழிச்சுப் பார்த்துட்டேன்." இரண்டு நாள் தன் பக்கத்தில் தப்பைத் தேடியிருக்கிறார் பாவம். எனக்கும் ஒரு ராத்திரி போயிற்று. நான் அதற்குள் பௌவரை விட்டுவிட்டு என்பிஎம்முக்கே முழுதாக மாறியிருந்தேன். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது என் கண்ணில் படவே வாய்ப்பில்லை. விடியற்காலையில் அந்த மூன்று வரிப் பதில் ஞாபகத்துக்கு வந்தது. பயன்படுத்தாததைச் சோதிக்க முடியாது. சோதிக்காததை வெளியே விடக்கூடாது.

2017-ல் பௌவரே தன் பக்கத்துக்கு வருகிறவர்களை யார்ன், வெப்பேக் என்ற வேறு கருவிகளுக்குப் போகச் சொல்லத் தொடங்கியது. கல்யாண மண்டபம் மாறிவிட்டது என்று வாசலில் அட்டை மாட்டுவதுபோல.

பூட்ஸ்ட்ராப் என்ற புகழ்பெற்ற பொதியின் கிட் களஞ்சியத்தைத் திறந்து மேல்தட்டைப் பார்த்தால் இந்த வரலாறு தெரியும். என்பிஎம்முக்கான ஃபைல் ஒன்று. பிஎச்பிகாரர்களின் கம்போசருக்கு ஒன்று. மைக்ரோசாஃப்ட் உலகத்து நியூகெட்டுக்கு ஒரு ஃபோல்டர். மீட்டியோர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சட்டகத்துக்கு ஒன்று. பௌவருக்கும் ஒன்று இருந்தது, பிற்பாடு எடுத்துவிட்டார்கள். எங்கள் பழைய வீட்டு நிலைப்படி ஞாபகம் வரும். மின்வாரியத் தகடு, குடிநீர் இணைப்பு எண், கணக்கெடுப்புக்காரர் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனது, போலியோ சொட்டு மருந்துக்காரர் போட்ட குறி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு தகடுதான் அடித்தார்கள்.

அந்த மீட்டியோர் ஃபைலுக்குப் பின்னால் ஒரு படையெடுப்பே உண்டு. 2014 வாக்கில் மீட்டியோர் ரசிகர்கள் பிரபலமான பொதிகளின் வாசல்தோறும் ஏறி, தங்கள் ஃபைலைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்கள். நல்ல பிள்ளைகள், உழைத்துத்தான் கேட்டார்கள். சிலர் சேர்த்தார்கள், சிலர் மறுத்தார்கள். 2016 மார்ச்சில் மீட்டியோர் 1.3 வந்தது, இனி என்பிஎம்மிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளலாம் என்றது. சேர்த்தவர்களிடம் ஃபைல் மிஞ்சியது. மறுத்தவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. ஜேக்வெரி செருகுநிரல்களுக்கென்று இருந்த பதிவகமும் ஒரு கட்டத்தில் புதியவற்றை வாங்குவதை நிறுத்திவிட்டு, என்பிஎம்முக்குப் போங்கள் என்று கை காட்டியது. இவற்றை அடுக்கிச் சொல்லும்போது எனக்கு ஏளனம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் ஒரு நிஜமான அசௌகரியத்துக்குத் தீர்வாக வந்ததுதான்.

ஜேஎஸ்ஆரும் அப்படித்தான் வந்தது. அதன் பின்னால் இருப்பவர் ரயன் டால். சாதாரண ஆள் இல்லை. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடை 2009-ல் உருவாக்கியவர். என்பிஎம் வளர்ந்ததே அந்த நோடின் தோளில்தான். 2018-ல் பெர்லினில் ஒரு மாநாட்டு மேடையில் ஏறி, நோடைப் பற்றித் தான் வருந்துகிற பத்து விஷயங்கள் என்று பேசினார். தன் பிள்ளையின் குறைகளைத் தகப்பனே ஊர் நடுவில் பட்டியல் போட்டது எங்கள் வட்டாரத்தில் பெரிய பேச்சு. அதில் ஒன்று, பொதிகளுக்கெல்லாம் ஒரே இடம், அதுவும் தனியார் கையில் இருக்கிற இடம் என்று ஆகிப்போனது. அதற்கு மாற்றாக டெனோ என்று ஒன்றைத் தொடங்கினார். அங்கே பதிவகமே வேண்டாம், நிரலை இணைய முகவரியைக் கொண்டே நேராக அழைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. சுத்தமான யோசனை. ஆனால் ஜனங்கள் என்பிஎம் பொதிகளைத்தான் கேட்டார்கள். 2022-ல் டெனோ என்பிஎம்முக்குக் கதவைத் திறந்தது. 2024 மார்ச்சில் அவர்களே ஒரு பதிவகத்தைத் திறந்தார்கள். பதிவகம் வேண்டாம் என்று கிளம்பியவர் பதிவகம் கட்டி முடித்தார். கேலி செய்ய எளிதான கதை. எனக்கு அதில் ஒரு மனிதர் பதினைந்து வருடமாக ஒரே முடிச்சோடு மல்லுக்கட்டுவதுதான் தெரிகிறது.

ஜேஎஸ்ஆர் மோசம் என்று நான் சொல்லவில்லை. பல விதத்தில் என்பிஎம்மைவிட நன்றாக யோசித்துக் கட்டியது. டைப்ஸ்கிரிப்டை அப்படியே ஏற்றலாம். பயன்பாட்டுக் குறிப்பைத் தானே தயாரித்துத் தரும். என்பிஎம் வழியாகவும் அதிலுள்ளதை எடுத்துக்கொள்ள ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். எடுத்துக்கொள்கிறவருக்கு எல்லாம் சுகம். ஏற்றுகிறவர்தான் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். பழைய காமன்ஜேஎஸ் முறையில் எழுதியிருந்தால் அங்கே இடமில்லை. வெளியே கொடுக்கிற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், எந்த வகைத் தரவை வாங்கி எதைத் தரும் என்ற டைப்பைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றும்போதே மறிக்கும். நல்ல கட்டுப்பாடுகள்தான். அந்தப் பதினோரு வரியில் அவற்றுக்கு இடமில்லை, அவ்வளவுதான் விஷயம். அவை என் நிரல் முழுக்கப் பரவி நிற்கின்றன.

அதையும் செய்துவிடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்குப் பிறகு வருவதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது. ஒருவர் என் பொதியை என்பிஎம்மிலிருந்து எடுக்கிறார். அவர் பயன்படுத்தும் இன்னொரு பொதி அதையே ஜேஎஸ்ஆரிலிருந்து எடுக்கிறது. மனிதருக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு வேறு, பெயரே வேறு. இரண்டு பிரதிகளும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றில் மாற்றி வைத்த அமைப்பு மற்றதற்குத் தெரியாது. ஒன்று உருவாக்கிய பொருளை மற்றது தன்னுடையது இல்லை என்று திருப்பி அனுப்பும். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு மற்றதற்கு ஏன் காய்ச்சல் இறங்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிற கதை. எழுதிக் கேட்கிறவர் எந்தப் பிரதியைப் பற்றிக் கேட்கிறார் என்று அவருக்கே தெரியாது. முதல் கேள்வியாக அதைக் கேட்க வேண்டும்; பதில் வர நான்கு நாள் ஆகும்.

ஃபைலைக் கொடுப்பவர் அதை அன்பளிப்பாகத்தான் கொடுக்கிறார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கோயிலுக்கு யானை கொடுத்தவர் ஒரு நாள் ஊர்வலம் வந்துவிட்டுப் போய்விடுவார். தினமும் தழை வெட்டிப் போடுவது வேறு ஆள்.

சாவி விஷயம் வேறு. பதிவகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல், ஒரு இரண்டாம் பூட்டு. 2025 செப்டம்பர் 8 அன்று என்பிஎம்மில் நடந்ததைத் தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாக், டீபக் முதலான 18 பொதிகளில் திருட்டு நிரல் புகுந்தது. வாரத்துக்கு எல்லாமாகச் சேர்த்து 200 கோடித் தடவைக்கு மேல் இறங்குகிற பொதிகள் அவை. உள்ளே புக யாரும் சுவரேறிக் குதிக்கவில்லை. இரண்டாம் பூட்டைப் புதுப்பியுங்கள் என்று என்பிஎம் அனுப்பியதுபோலவே ஒரு போலி மின்னஞ்சல். பொதிகளை வைத்திருந்தவர் நம்பி விவரம் கொடுத்துவிட்டார். அனுபவசாலிதான். இத்தனைக்கும் ஒரே ஒரு பதிவகத்தின் சாவி. மூன்று பதிவகம் வைத்திருந்தால் மூன்று பேர் பெயரில் மின்னஞ்சல் வரும். எது நிஜம் எது போலி என்று காலை அவசரத்தில் போனில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இப்போதெல்லாம் சாவியே இல்லாமல், கிட்ஹப்பிலிருந்து நேராக ஏற்றும் வழி வந்துவிட்டது, ஜேஎஸ்ஆரில் அது முதலிலேயே இருக்கிறது என்று அந்த இளைஞர் பதில் எழுதினார். சரிதான். சாவி தொலையும் பயம் அதில் குறையும். கணக்கு என்று ஒன்று அப்போதும் இருக்கத்தான் செய்யும்.

ஜேஎஸ்ஆர் திறந்த அதே 2024 மார்ச் மாதம் முடியும்போதுதான் எக்ஸ்இசட் விவகாரம் வெளியே வந்தது. தரவைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி, உலகத்து லினக்ஸ் கணினிகளில் எல்லாம் உட்கார்ந்திருப்பது. அதை வருடக்கணக்காகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை 2022-ல் சில பெயர்கள் நெருக்கின. ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. மனசு சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் சொல்லியிருந்தார். அப்போது பக்கத்தில் ஒருவர் பொறுமையாக, உதவியாக, ஒவ்வொரு ஃபைலாகக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஜியா டான் என்று பெயர். நிஜப் பெயரா என்பது யாருக்கும் தெரியாது. நாளடைவில் சாவி அவர் கைக்கும் போனது. பின்கதவு வைத்தார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைப் பார்த்து, இது ஏன் என்று தோண்டிய ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற ஒரு பொறியாளரால் தப்பித்தோம்.

எனக்கு ஃபைல் அனுப்பிய இளைஞரை ஜியா டானோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் சொல்ல வருவது நெருக்கப்பட்டவரைப் பற்றி. அவரால் முடியாது என்று சொல்ல முடிந்திருந்தால், சொல்வது குற்றமில்லை என்ற பழக்கம் நம்மிடம் இருந்திருந்தால், அவரைச் சுற்றி அந்த வலை பின்னியிருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் ஏமாற்று. 2010-ல் ஐசக் ஷ்லூட்டர் என்பவர் தொடங்கிய என்பிஎம் 2014-ல் கம்பெனி ஆனது. 2020-ல் கிட்ஹப் அதை வாங்கியது. கிட்ஹப்பை 2018-லேயே மைக்ரோசாஃப்ட் வாங்கியிருந்தது. ஆக, உலகத்து ஜாவாஸ்கிரிப்டின் பண்டகசாலைச் சாவி இன்று ஒரே ஒரு பெருங்கம்பெனியின் இடுப்பில் தொங்குகிறது. அது அங்கே போய்ச் சேர்ந்ததில் என் பங்கும் உண்டு. மாற்றுப் பதிவகம் என்று வந்த ஒவ்வொன்றுக்கும் என் போன்ற பல்லாயிரம் பேர் முடியாது என்றோம். ஒவ்வொரு மறுப்பும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயம். மொத்தமாகக் கூட்டினால் ஏகபோகம்.

பதினோரு வரி என்பதே எங்கள் தொழிலில் ராசியில்லாத எண். 2016 மார்ச் 22 அன்று உலகெங்கும் மென்பொருள் கட்டுமானங்கள் உடைந்து விழுந்ததற்குக் காரணமான லெஃப்ட்-பேட் பொதியும் பதினோரு வரிதான். அதை எழுதிய அசேர் கோச்சுலுவிடம் கிக் என்ற இன்னொரு பொதி இருந்தது. அந்தப் பெயர் தனக்கு வேண்டும் என்று அதே பெயருள்ள ஒரு கம்பெனி கேட்டது. என்பிஎம் கம்பெனியின் பக்கம் சாய்ந்தது. அவர் கோபத்தில் தன் பொதிகள் எல்லாவற்றையும், 250-க்கு மேல், உருவிக்கொண்டு போனார். லெஃப்ட்-பேட் காணாமல் போனதில் அதைப் பயன்படுத்திய பேபல் என்ற கருவியை நம்பியிருந்தவர்கள் எல்லாம் நின்றுபோனார்கள். சில மணி நேரத்தில், எழுதியவர் வேண்டாம் என்று எடுத்ததை என்பிஎம்மே திரும்ப வைத்தது. கடை ஒன்றே ஒன்று என்றால் கடைக்காரர் வைத்ததுதான் சட்டம் என்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மறுநாள் அதே கடைக்குப் போனோம்.

அப்படியானால் அந்த இளைஞரின் பக்கம்தானே நியாயம் என்று கேட்டால், நோக்கத்தில் அவர் பக்கம்தான். ஏகபோகத்தை உடைக்க வேண்டும். அந்தச் செலவை யார் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் பிணக்கு.

வேறு ஏற்பாடுகள் உலகத்தில் இருக்கின்றன. 1993-ல் தொடங்கிய டெபியன் லினக்ஸைப் பாருங்கள். நிரலை எழுதியவர் ஒருவர், அதை டெபியனுக்கென்று கட்டுகிறவர் வேறொருவர். ஆயிரம் பேர் அளவில் தன்னார்வலர்கள் இதையே வேலையாகச் செய்கிறார்கள். எழுதியவரிடம் ஃபைல் சேர்க்கச் சொல்லிக் கேட்டு நிற்பதில்லை. பைத்தானில் பைபிஐ என்ற பதிவகம் இருக்க, விஞ்ஞானிகளுக்கு காண்டா என்ற இன்னொன்று வேண்டியிருந்தது. 2015-ல் காண்டா-ஃபோர்ஜ் வந்தது. ஒவ்வொரு பொதிக்கும் தனி வாசல், தனி ஆட்கள். மூலத்தில் புதிய பதிப்பு வந்தால் ஒரு தானியங்கி கவனித்து அவர்களை எழுப்புகிறது. டைப் எழுத மறுத்த ஜாவாஸ்கிரிப்ட்காரர்களோடு சண்டை போடாமல், எல்லாருடைய டைப்களையும் தாங்களே எழுதி ஓரிடத்தில் வைத்தார்கள் டெஃபினிட்லிடைப்ட் குழுவினர். அன்பேக்ஜியும் ஜேஎஸ்டெலிவரும் என்பிஎம்மில் இருப்பதைத் தாங்களே எடுத்துப் பிரவுசருக்குப் பரிமாறுகின்றன. என் பொதி அங்கே கிடைக்கிறது என்பதே எனக்கு வருடக்கணக்கில் தெரியாது. வேண்டுகிறவர் சுமக்கிறார். அதுதான் முறை என்பது என் கட்சி.

அந்த முறையிலும் விபத்து உண்டு. 2006-ல் டெபியனில், குறியாக்கச் சாவிகளைத் தயாரிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் கட்டியவர், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கிறதே என்று இரண்டு வரியை முடக்கினார். அந்த வரிகள்தான் தற்செயல் எண்ணுக்குத் தற்செயலைக் கொடுத்துக்கொண்டிருந்தவை. 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை, ஒவ்வொரு வகைச் சாவியிலும் 32,768 சாவிகளுக்குள்தான் உலகத்து டெபியன் கணினிகள் சுற்றிக்கொண்டிருந்தன. எழுதியவனுக்குத் தெரிந்தது கட்டுகிறவனுக்குத் தெரியவில்லை. என் டிஸ்ட் ஃபோல்டரில் நடந்தது இதற்கு நேர் மாறு: கட்டுகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று எழுதியவனுக்குத் தெரியவில்லை. இரண்டிலும் இடைவெளி ஒன்றுதான். அந்த இடைவெளியில் ஒரு ஆள் நிற்க வேண்டும், தொடர்ந்து நிற்க வேண்டும். ஃபைலை அனுப்பிவிட்டுப் போகிறவர் அந்த ஆள் இல்லை.

மெயின்டெய்னர் என்ற வேலைக்குத் தமிழில் பராமரிப்பாளர் என்று போடுகிறோம். நல்ல சொல்லாக அமைந்துவிட்டது. பெற்றவர்களைப் பராமரிக்கிறோம், தென்னையைப் பராமரிக்கிறோம். புதிதாக ஒன்றைச் செய்கிறவரை யாரும் பராமரிக்கிறார் என்று சொல்வதில்லை. நாளைக்கும் இருப்பேன் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நாளைக்கு இருக்க முடியாத இடத்தில் இன்றைக்கே ஆமாம் என்று சொல்கிறவருக்கு அது பொருந்தாது.

முட்டுக்கட்டை என்ற சொல்லை வசைச்சொல் ஆக்கிவிட்டோம். தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிக்க ஊரே வரும். சக்கரத்தின் ஓரமாகக் குனிந்தபடி, கட்டையைச் சரியான நொடியில் செருகிக்கொண்டு போகிறவர்கள் சில பேர்தான். வீதி முனையில் தேர் திரும்புவதும், வேண்டிய இடத்தில் நிற்பதும், கூட்டத்தின் மேல் ஏறாமல் இருப்பதும் அவர்கள் கையில். அவர்களைப் பார்த்து யாரும் தேரை நிறுத்துகிறான் பாவி என்று திட்டுவதில்லை.

இளைஞருக்கு இரண்டாவது முறை விளக்கமாக எழுதினேன். எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, என் அனுமதிகூட வேண்டாம். உங்கள் பெயரில் நீங்களே ஜேஎஸ்ஆரில் போட்டுக்கொள்ளுங்கள். பராமரிப்பது நீங்கள் என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். என் ரீட்மியில் ஒரு வரி சேர்த்து உங்கள் பக்கம் கை காட்டுகிறேன். "தாராளமா பண்றேன் சார்" என்றார். ஒரே வாரத்தில் போட்டார். டைப் எல்லாம் அழகாக எழுதியிருந்தார். அதில் இரண்டை நானே எடுத்துக்கொண்டேன். நானும் சொன்னபடி அந்த வரியைச் சேர்த்தேன்.

அவர் போட்டபோது பதிப்பு எண் 3.0. அதற்குப் பிறகு அவருக்கு வேலை மாறியது என்று கேள்வி. இங்கே இப்போது 3.4. அங்கே 3.0.